ஈஸ்டர் முட்டைக்கு மஞ்சளும் சுண்ணாம்பும்

எனக்குக் கல்யாணமான முதல் வருஷம் முழுக்க என் மாமியார் என்னிடம் கோழி வழியாகத்தான் பேசினார்.

இதில் மிகை ஒன்றும் இல்லை. இடுக்கி மலையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் வீடு. ஒரே தகரக் கூரைக்கு அடியில் வரிசையாக நிற்கும் தொழிலாளர் வீடுகளைத்தான் இங்கே லயம் என்பார்கள். எங்கள் வாசலில் ஒரு செவலைக் கோழி எந்நேரமும் எதையாவது கிளறிக்கொண்டிருக்கும். கொடியில் துணி காயும்போது மேகம் இறங்கினால், மாமியார் என் பக்கமே திரும்பாமல் அதனிடம் சொல்வார்: “ஏ கோழி, மல மேல மோடம் எறங்குது பாரு. துணிய எடுத்தா எடுக்கட்டும், நனைஞ்சா நனையட்டும்.” கோழிக்குத் துணி எடுக்கத் தெரியாது. நான் போய் எடுப்பேன்.

நான் கொல்லங்கோட்டுப் பக்கத்துப் பெண். வயலும் வெயிலும் மாரியம்மன் நோம்புமாக வளர்ந்தவள். கோயம்புத்தூரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தபோது, அங்கே மெஷின் வேலை கற்றுக்கொள்ள வந்த தோட்டத்துப் பையன் ஒருவன் ஒரே சட்டையை மூன்று தடவை மாற்றிக்கொண்டு போனான். சட்டையில் குறை இல்லை என்பது மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது. இரண்டு வீட்டிலும் சம்மதம் கிடைக்காது என்று தெரிந்து பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மலை ஏறினோம்.

மாமியாருக்கு என் கணவர் ஒரே மகன். மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாண ஓலை வாசித்து, லயத்து முன்னால் பந்தல் போட்டு, பாட்டுக்குழு பாட, மகனுக்குத் தங்களைப் போல ஒரு வேதக்காரப் பெண்ணை, கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டிவைக்க வேண்டும் என்று அவர் வருஷக்கணக்காக மனசில் கல்யாணம் நடத்திக்கொண்டிருந்தார். நாங்கள் மாலையும் இல்லாமல் மேளமும் இல்லாமல் ஜீப்பில் இருந்து இறங்கி வாசலில் நின்றோம். கதவைத் திறந்தார், பார்த்தார், வழியை விட்டு ஒதுங்கினார், கோழிக்குத் தீனி போடப் போய்விட்டார். அந்தப் பழக்கம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன்.

கெட்ட மனுஷி என்று நான் சொன்னால் என் வாய் வெந்துபோகும். மீன் வாங்கினால் என் தட்டில்தான் பெரிய துண்டு விழும். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மிளகு ரசம் வைத்துக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு, வாசலுக்குப் போய், “கோழி, ஆறிப்போனா ருசிக்காது” என்றார். எல்லாம் செய்வார், பேச மட்டும் மாட்டார். லயத்தில் இருக்கிற பெண்பிள்ளைகள் அத்தனை பேரையும் “ஏட்டி, ஏட்டி” என்று கூப்பிடுவார். திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து மலை ஏறிய குடும்பம். அந்த ‘ஏட்டி’யில் அதட்டலும் இருக்கும், பாசமும் இருக்கும். எனக்கு மட்டும் அது கிடைக்கவில்லை. அது எனக்கு வலித்தது. ராத்திரி என் கணவரிடம் சொல்லிப் புலம்பினால், “கோழி மிதிச்சு குஞ்சு சாகுமா?” என்பார். நான் குஞ்சாக இருந்தால்தானே அந்தப் பழமொழி, என்னை வேற்று வீட்டுக் கோழியாக அல்லவா வைத்திருக்கிறார் என்பேன். அதற்குள் அவர் தூங்கியிருப்பார்.

எனக்கும் ரோஷம் உண்டு. நானும் கோழியிடமே பேச ஆரம்பித்தேன். “சோறு ஆயிருச்சுங்க, சாப்பிட வரலாமுங்க” என்று வாசலைப் பார்த்துச் சொல்வேன். இந்த மலையில் ‘ங்க’ போட்டு மரியாதை வாங்கிய கோழி அது ஒன்றாகத்தான் இருக்கும்.

இப்படி நாள் போய்க்கொண்டிருக்கும்போது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது.

தோட்டத்தின் பல பிரிவுகளில் ஒன்றான எங்கள் டிவிஷனில் ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. ஒரே சாமியார் பல டிவிஷன்களுக்கும் போய்வர வேண்டும் என்பதால் ஈஸ்டர் பூசை எங்களுக்கு விடியற்காலையில். பூசை முடிந்ததும் வீட்டுக்கு ஒரு சிவப்பு முட்டை கொடுப்பார்கள். அத்தனை முட்டையும் என் மாமியார் வீட்டில் இருந்து போகிறது. மகன் கைக்குழந்தையாக இருந்தபோது நெஞ்சில் சளி கட்டிப் பிழைப்பானா மாட்டானா என்று கிடந்தானாம். பிழைத்தால் வருஷாவருஷம் ஈஸ்டருக்கு முட்டை கொடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டாராம். முட்டையை அவித்து, மெழுகுவர்த்தித் துண்டால் ஒவ்வொன்றிலும் ஒரு சிலுவை போட்டு, கடையில் வாங்கிய சிவப்புப் பொடியைக் கரைத்த தண்ணீரில் முக்கி எடுப்பார். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஒட்டாது. சிவப்பில் வெள்ளைச் சிலுவை தெரியும். கல்லறை ஓட்டை உடைத்துக்கொண்டு உயிர் வெளியே வந்த கதைதான் முட்டை என்றும், சிவப்பு ஆண்டவருடைய ரத்தம் என்றும், எனக்கு விளங்க வேண்டும் என்பதற்காகக் கோழிக்கு ஒருநாள் விளக்கினார். முட்டையைப் பற்றிக் கோழிக்கே பாடம் எடுத்த ஆள் அவர்.

அந்தத் தவக்காலத்தில், மழைக்கு நனைந்திருந்த சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த மாமியார் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு.

பார்க்க வந்த உபதேசியார் மனைவி ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் பேச்சை ஆரம்பித்தார். உபதேசியார் என்றால் சாமியார் இல்லாத நாட்களில் கோயிலில் ஜெபம் சொல்லி நடத்துகிறவர்; அவர் மனைவிக்குக் கோயில் காரியம் எல்லாம் தன் வீட்டுக் காரியம். “மதினி, இந்த வருசம் டவுன்ல சாக்லேட் முட்ட வாங்கிருவோம். பளபளன்னு தாள் சுத்தி வருது. ஒங்களுக்குக் கை முடியாதுல்லா.”

மாமியார் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நேர்ச்ச எங் கைக்கு இல்ல, எங்க வீட்டுக்கு. முட்ட எங்க வீட்டுல இருந்துதான் வரும்.”

வீட்டில் இருப்பது மூன்று பேர். ஒருவருக்குக் கை முடியாது. இன்னொருவர் தேயிலைப் பேக்டரியில் எத்தனை பெரிய மெஷினையும் கழற்றி மாட்டுவார், வெந்நீர் போடத் தெரியாது. ஆக, வீடு என்று அவர் சொன்னது என்னைத்தான். சொல்லிவிட்டு மாமியார் வாசலைப் பார்த்தார். கோழி அவரைப் பார்த்தது.  இது ஒழுங்காக நடந்தால் இவர் என்னிடம் பேசுவார். சொதப்பினால் அவருடைய நேர்ச்சையைக் கெடுத்தவள் என்று ஆயுளுக்கும் கோழிதான். எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

என் கணவர் முட்டை அட்டைகளையும் சாயப் பொடியையும் பெரிய வியாழனன்றே டவுனில் வாங்கிவந்து வைத்துவிட்டார். சனிக்கிழமை மத்தியானம் முட்டைகளை அவித்து ஆறவைத்துவிட்டுப் பொடிப் பாக்கெட்டைப் பிரித்தேன். விரலில் மணல் நெருடியது. மார்கழி மாசம் வாசலில் விழுந்து விழுந்து கோலம் போட்டவளுக்கு இது தெரியாதா? கோலத்தில் தூவுகிற கலர்ப்பொடி. தண்ணீரில் போட்டால் மணல் அடியில் தங்கும், மேலே மிதப்பதை வாயில் வைக்கக்கூடாது.

“இது கோலப்பொடிங்க” என்றேன்.

“செவப்புத்தான கேட்ட? இத விடச் செவப்பு எங்க இருக்கு?” என்றார் என் கணவர்.

மாமியார் கோழியைப் பார்த்தார். “இவன நம்பி மெசின ஓட்டுதாங்களாம் பேக்டரில.”

சிரிப்பு வந்தாலும் எனக்குள் அடுப்பு எரிந்தது. டவுனுக்குப் போகும் கடைசி ஜீப்பு போய்விட்டது. விடிந்தால் பூசை. பக்கத்து வீடுகளில் கேசரிப் பவுடர் கேட்டோம். மஞ்சளும் பச்சையும்தான் இருந்தது. தேயிலைச் சாயத்தில் ஒரு முட்டையை முக்கிப் பார்த்தேன். மண்ணாங்கட்டி மாதிரி வந்தது. மாமியார் இடது கையால் வெற்றிலையை நீவி, சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். முகம் மட்டும் சுருங்கிப்போயிருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தச் சுண்ணாம்பு டப்பாவைப் பார்த்தபோதுதான் பொறி தட்டியது. மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் ரத்தச் சிவப்பாக மாறும். எங்கள் ஊரில் ஆரத்தித் தண்ணீர் அப்படித்தான் கரைப்போம். புதுச் சட்டியில் அதைக் கரைக்கிற வேலை சின்ன வயசில் எப்போதும் எனக்குத்தான். தட்டில் ஆடுகிற அந்தச் சிவப்பு, முட்டையில் ஒட்டாதா என்ன?

வாசலுக்குப் போனேன். “ஏனுங்க கோழிங்க, அத்தையோட சுண்ணாம்பு டப்பா கொஞ்சம் கெடைக்குமுங்களா?”

“எதுக்காம்?” என்றார் மாமியார் கோழியிடம். “முட்டைக்கு வெத்தல மடிச்சுக் குடுக்கப் போறாளாமா?” கேட்டாரே தவிர, டப்பாவை என் பக்கம் நகர்த்திவிட்டார்.

மஞ்சள்தூளைக் கெட்டியாகக் கொதிக்கவைத்தேன். அவித்த முட்டைகளில் மெழுகுவர்த்தியால் பார்த்துப் பார்த்துச் சிலுவை போட்டேன். எல்லாவற்றையும் அந்தச் சூட்டிலேயே மஞ்சள் தண்ணீரில் இறக்கினேன். எடுத்தபோது பளிச்சென்று மஞ்சள் முட்டை. ஒன்றில்கூடச் சிலுவை இல்லை. மெழுகு சூட்டில் உருகிப்போயிருந்தது. மாமியார் ஆறின சாயத்தில் முக்குவார் என்பதை நான் யோசிக்கவில்லை. சரி, நிறமாவது வரட்டும் என்று, சுண்ணாம்பைக் கரைத்துக் கொஞ்சம் மஞ்சளும் விட்ட சட்டியில் ஒரு முட்டையை உருட்டினேன். கண் முன்னால் அது சிவந்தது. என் கணவர் பேக்டரியில் புது மெஷின் ஓடினதைப் பார்ப்பது போல வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

எல்லா முட்டையையும் சிவப்பாக்கி, வாழையிலையில் பரப்பிக் காயவைத்தேன். மாமியார் எழுந்து வந்து வெகுநேரம் பார்த்தார்.

“நெறத்தப் பாத்தியா, கோழி. சாயப்பொடி வாங்கியிருந்தாக்கூட இப்பிடி விழுந்திருக்காது.” கொஞ்சம் பொறுத்து, “சிலுவைதான் இல்ல. மொட்டையா இருக்கு” என்றார்.

பாராட்டு கோழிக்குப் போனது. குறை மட்டும் கோழியைத் தாண்டி எனக்கு வந்து சேர்ந்தது. இருந்தாலும் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

விடியற்காலையில் கூடையைத் துணி போட்டு மூடிக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பூசை முடிந்து எல்லோரும் முற்றத்துக்கு வந்தார்கள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. அண்டாவில் பால் விடாத கட்டன் சாயா கொதித்தது. உபதேசியார் மனைவி எலுமிச்சம்பழத்தை அறுத்து அறுத்து டம்ளர்களில் பிழிந்துகொண்டிருந்தார். மாமியார் கூடைத் துணியை விலக்கினார். பார்த்தவர்கள் எல்லாம் “ஆகா, என்ன செவப்பு” என்றார்கள். நான் பின்னால் நின்றேன், ஆனால் கழுத்து நீண்டுதான் இருந்தது.

மாமியாருக்குக் கை முடியாததால் முட்டையை எடுத்துக் கொடுக்க உபதேசியார் மனைவி வந்தார். முந்தானையில் கையைத் துடைத்தும் துடைக்காமலும் முதல் முட்டையை எடுத்து, ஓய்வுபெற்ற கங்காணித் தாத்தாவிடம் நீட்டினார். தாத்தா வாங்கவில்லை. உற்றுப் பார்த்தார். உபதேசியார் மனைவியின் விரல்கள் பட்ட இடத்தில் எல்லாம் முட்டை மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது. அவர் பதறிப்போய் அடுத்த முட்டையை எடுத்தார். அதிலும் நாலு விரலும் பதிந்தது.

எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. புளிப்பு பட்டால் சுண்ணாம்பின் வேலை முறிந்துபோகும். சிவப்பு மறுபடியும் மஞ்சளாகிவிடும். ஆரத்தித் தட்டில் யார் எலுமிச்சம்பழம் பிழிகிறார்கள்? பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டதே.

“இது என்ன மதினி, மஞ்சளா, குங்குமமா?” உபதேசியார் மனைவியின் குரல் உயர்ந்தது. கண் என் மேல் வந்து நின்றது. “மாரியம்மன் பூச சாமானெல்லாம் கோயில் முட்டையில தடவிக் கொண்டாந்திருக்கே. அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியாது, ஒங்களுக்குமா தெரியாது? இதுக்குத்தான் நான் சாக்லேட் முட்டன்னு சொன்னேன்.”

 சாமியார்கூட டம்ளரைக் கையில் பிடித்தபடி நின்றார். என் கணவர் வாயைத் திறக்கப்போனார். நான் தரையைப் பார்த்தேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். என்னைத் திட்டினது பெரிதில்லை. அவருடைய நேர்ச்சையை ஊர் நடுவில் கெடுத்துவிட்டேனே என்பதுதான் அறுத்தது.

மாமியார் மாவுக்கட்டுக் கையைத் தூக்கி, “நிறுத்துளா” என்றார்.

“மஞ்சளும் சுண்ணாம்பும்தான். நீயும் ஒம் புருசனும் தாலி கட்டி இதே கோயில்ல இருந்து வந்து வாசல்ல நின்னீங்களே, தட்டுல வச்சுச் சுத்துனது என்ன, பன்னீரா? நாந்தான சுத்துனேன். நெத்தியில தொட்டு வச்சேன், பல்லக் காட்டிட்டு நின்ன. அப்பத் தெரியாத தீட்டு இப்ப எங்க இருந்துளா வந்துச்சு?”

உபதேசியார் மனைவி முட்டையைத் திரும்பக் கூடையில் வைக்கப்போனார்.

கங்காணித் தாத்தா அந்த முட்டையை வாங்கி, விரல் தடத்தை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். “ஆண்டவரு காயத்துல வெரல வச்சுப் பாத்தாத்தான் நம்புவேன்னு ஒரு சீடரு நின்னாருல்லா. அவரு வெரல் வச்ச முட்ட இது. எனக்கு இதுதான் வேணும்.”

முதலில் சிரித்தது சாமியார்தான். பிறகு முற்றமே சிரித்தது. உபதேசியார் மனைவியும் கையைப் பார்த்துக்கொண்டு, “நல்லாத்தான் பதிஞ்சிருக்கு” என்று சிரித்துவிட்டார்.

மாமியார் அறுத்த எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து, அதில் இடது கைக் கட்டைவிரலைத் தேய்த்து, ஒரு முட்டையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு இழுத்தார். சிவப்பில் மஞ்சள் சிலுவை எழும்பி வந்தது. அவ்வளவுதான், ஆளாளுக்கு எலுமிச்சம்பழத்துக்குக் கையை நீட்டினார்கள். சிலுவை போட்டவர்கள் போட்டார்கள்; இளவட்டங்கள் யானையும் ஜீப்பும் வரைந்தார்கள்; என் கணவர் பல்சக்கரம் ஒன்று வரைந்து, அது சூரியன் என்று எல்லோரும் சொன்னதும் ஒப்புக்கொண்டார். அப்புறம் வழக்கம்போல முட்டையோடு முட்டையை மோதி, யாருடையது உடையாமல் நிற்கிறது என்று பந்தயம். எனக்கு உடம்பில் உயிர் வந்தது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் மாமியார் ஒதுங்கி நின்றதைக் கவனித்தேன். கூடையில் கடைசியாகக் கிடந்த முட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த டிவிசனுக்கு வந்த மருமகளுக்கெல்லாம் நாந்தான் சுத்தியிருக்கேன்” என்றார், யாரிடம் என்று இல்லாமல். “எங்க வீட்டுக்கு வந்தவளுக்குத்தான் சுத்தல.”

பிறகு இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். கோயில் முற்றத்தில் கோழி இல்லை. வேறு வழி இல்லாமல் என் முகத்தைப் பார்த்தார்.

“ஏட்டி, அந்தத் தண்ணி மிச்சம் இருக்கா?”

 “இருக்குதுங்க அத்தை” என்றேன். “அரைச் சட்டி இருக்குதுங்க.”

வீட்டுக்கு வந்தோம். என்னையும் என் கணவரையும் வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். சட்டி வாசலுக்கே வந்தது; பழைய தண்ணீர் மங்கியிருந்ததால் அங்கேயே நின்று இன்னும் கொஞ்சம் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துக் கலக்கினேன். என் ஆரத்தியை நானே கரைத்தேன். ஒற்றைக் கையால் தட்டைச் சுற்ற முடியாது. “வந்து ஒரு பக்கம் பிடிளா” என்று மாமியார் அதட்ட, எங்களோடு வந்திருந்த உபதேசியார் மனைவி ஓடிவந்து பிடித்தார். இரண்டு பேருமாக மூன்று சுற்றுச் சுற்றினார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்து, நானே பூட்டிவிட்டு வந்த வீட்டு வாசலில் நான் புதுப்பெண்ணாக நின்று அழுதேன். என் கணவர் மட்டும் முட்டை தின்றுகொண்டிருந்தார்.

மாமியார் தட்டில் விரலைத் தொட்டு என் நெற்றியில் பொட்டு வைத்தார். “வலது கால எடுத்து வச்சு வா, ஏட்டி” என்றார். உள்ளே போய்க் கண்ணாடியில் பார்த்தால், சிவப்பாக இருக்க வேண்டிய பொட்டு மஞ்சளாக இருந்தது. சிலுவை போட்ட எலுமிச்சை இன்னும் அவர் விரலில் இருந்திருக்கிறது. அன்றைக்கு முழுக்க நான் முகம் கழுவவில்லை.